ஹாஸ்கெலில் மதிப்பை எழுத்தாக்கி மீட்பது: நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஃபங்ஷனல் நிரலாக்கத்தைக் கற்று முதல் உண்மையான நிரலை எழுதத் தொடங்குபவர்களில் பலர் ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். நினைவகத்தில் இருக்கும் மதிப்பைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். நாளை அதே கோப்பிலிருந்து அதே மதிப்பை மீட்க வேண்டும். ஹாஸ்கெல் மொழியில் இதற்கு ஒரு வரி போதும். தரவு வகையின் அடியில் ஷோ (மதிப்பை எழுத்தாக்குவது), ரீட் (எழுத்தை மதிப்பாக்குவது) என்னும் இரண்டு டைப் கிளாஸ்களின், அதாவது ஒரு வகையால் செய்ய முடிந்த செயல்களின் தொகுப்புகளின், பெயரை எழுதிவிட்டால், இரு திசைக்கும் வேண்டிய நிரலைக் கம்பைலரே உருவாக்கித் தந்துவிடுகிறது. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதை விட்டுவிட்டு ஜேசன் என்னும் பொதுத் தரவு வடிவத்துக்கோ, எழுத்தைப் பகுத்து மதிப்பாக்கும் சொந்தப் பார்சருக்கோ ஏன் போக வேண்டும் என்று வாசகர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

இங்கே நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, கம்பைலர் தானே வருவித்துத் தரும் ஷோ, ரீட் இணை. இரண்டாவது, ஏசான் லைப்ரரியின் வழியே ஜேசன். மூன்றாவது, நாமே எழுதும் அச்சிடும் சார்பும் மெகாபார்செக் போன்ற லைப்ரரியைக் கொண்டு நாமே எழுதும் பார்சரும். நான்காவது, இரு திசைக்கும் பொதுவான ஒரே விவரிப்பை எழுதி, அதிலிருந்து எழுதுவதையும் படிப்பதையும் பெறும் முறை. மனிதர் படிக்கத் தேவையில்லாத பைனரி வடிவங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் மீட்சி. ஒரு மதிப்பை எழுத்தாக்கி, அந்த எழுத்தைத் திரும்பப் படித்தால் அதே மதிப்பு கிடைக்க வேண்டும். எதிர்த்திசையில் இதே கண்டிப்பு தேவையில்லை: ஒருவர் கையால் எழுதிய கோப்பைப் படித்துத் திரும்ப எழுதும்போது இடைவெளிகளும் வரி முறிவுகளும் மாறினால் தவறில்லை. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாதவர்கள், தேவையற்ற கண்டிப்பைத் தம்மீதே சுமத்திக்கொண்டு பார்சரைச் சிக்கலாக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது அளவுகோல் எழுத்தின் ஆயுள். நிரல் ஓடி முடியும்வரை மட்டுமே அந்த எழுத்து இருந்தால் போதுமா, அல்லது நிரலின் அடுத்த பதிப்பு வந்த பிறகும் அதைப் படிக்க வேண்டியிருக்குமா? மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் மிகுந்த எடை தருகிறேன். தரவு வகை மாறிக்கொண்டே இருக்கும். கோப்பில் எழுதப்பட்டுவிட்ட எழுத்து மாறாது. இரண்டையும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைக்கிறோம் என்பதிலேயே ஒவ்வொரு வழியின் உண்மையான விலை ஒளிந்திருக்கிறது.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த எழுத்தை யார் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள்: நீங்களா, வேறு மொழியில் எழுதப்பட்ட நிரலா, நிரலாக்கம் அறியாத பயனரா? உள்ளீடு பிழையாக இருந்தால் அது எங்கே, என்ன பிழை என்று தெரியவருமா, தீய நோக்கத்துடன் தரப்பட்ட உள்ளீட்டை அது தாங்குமா? கடைசியாக நினைவகம், நேரம், பராமரிப்பு உழைப்பு ஆகியவற்றின் செலவு.

## வழி 1: கம்பைலர் தரும் ஷோ, ரீட்

இந்த இணையின் வடிவமைப்பில் உண்மையான அழகு இருக்கிறது. வருவிக்கப்பட்ட ஷோ தரும் எழுத்து வெறும் விளக்கச் சொற்றொடர் அன்று. அது ஹாஸ்கெல் மொழியின் இலக்கணப்படி அமைந்த ஒரு கோவை. அதை அப்படியே நகலெடுத்து ஹாஸ்கெலின் ஜிஎச்சிஐ உரையாடல் திரையில் ஒட்டினால் பெரும்பாலும் அதே மதிப்பு கிடைக்கும். மைனஸ் மூன்றை, ‘மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று குறிக்கும் மேபி வகைக்குள் வைத்துக் காட்டச் சொன்னால், ‘ஜஸ்ட் (-3)’ என்று அடைப்புக்குறியுடனேயே வரும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது கழித்தல் என்று பொருள்பட்டுவிடும். எங்கே அடைப்புக்குறி வேண்டும் என்பதை முடிவு செய்ய, ஷோவின் உள்சார்பு 0 முதல் 11 வரையான ஒரு முன்னுரிமை எண்ணைக் கீழ்நோக்கிக் கடத்திக்கொண்டே செல்கிறது. அந்தச் சார்பு ஸ்ட்ரிங்கை நேரடியாகத் தராமல், ‘பின்னால் வரவிருக்கும் ஸ்ட்ரிங்கை வாங்கி, அதன் முன்னே தன் பங்கை ஒட்டித் தரும்’ சார்பைத் தருவதற்கும் காரணம் உண்டு. ஆழமான மரவடிவத் தரவை அச்சிடும்போது ஸ்ட்ரிங்குகளை மீண்டும் மீண்டும் இணைத்தால் நேரம் இருபடியாகப் பெருகும். இந்த உத்தி அதைத் தவிர்க்கிறது.

மீட்சி அளவுகோலில் இந்த வழி நன்றாகவே தேறுகிறது. ஷோ எழுதுவதை ரீட் படித்து அதே மதிப்பைத் தர வேண்டும் என்பது அந்த டைப் கிளாஸின் ஆவணத்திலேயே உள்ள நிபந்தனை. டபுள் என்னும் தசம எண்களும் பிசகாமல் திரும்புகின்றன, ஏனெனில் அந்த எண்ணைத் தனித்து அடையாளம் காட்டப் போதுமான இலக்கங்களை ஷோ எழுதுகிறது, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டுவது இதனால்தான்.

ஆயுள் அளவுகோலுக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. ஒரு கடையின் விலைப்பட்டியலை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் பெயர், விலை என இரண்டு புலங்களைக் கொண்ட ரெக்கார்டு. ஆயிரக்கணக்கான பொருள்களை ஷோ கொண்டு கோப்பில் எழுதிவிட்டீர்கள். அடுத்த மாதம் தள்ளுபடி என்னும் மூன்றாவது புலத்தைச் சேர்க்கிறீர்கள். வருவிக்கப்பட்ட ரீட், எல்லாப் புலங்களும் அறிவித்த வரிசையிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். புதிய புலம் மேபி வகையாக இருந்தாலும் அது விட்டுப்போயிருப்பதை ஏற்காது. எனவே பழைய கோப்பு முழுவதும் படிக்க இயலாததாகிவிடுகிறது. ஒரு புலத்தின் பெயரைச் சீர்செய்தாலும், இரண்டு புலங்களை இடம் மாற்றினாலும் இதேதான் நேரும். கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனெனில் அதன் பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. நிரலுக்குள் செய்த ஒரு சிறு பெயர் மாற்றம் வெளியே இருக்கும் தரவை அழித்ததற்குச் சமமாகிவிடுவதுதான் இந்த வழியின் மிகப் பெரிய மறைசெலவு.

பிழைச் செய்தியோ இன்னும் கடுமையானது. உள்ளீட்டில் எங்கோ ஒரு காற்புள்ளி குறைந்தால், ‘பாகுபடுத்த இயலவில்லை’ என்னும் பொருள்பட இரண்டே சொற்கள் வருகின்றன. வரி எண் இல்லை, எதை எதிர்பார்த்தது என்றும் சொல்வதில்லை. அதுவும் ரீட் சார்பு அந்த இடத்திலேயே நிரலை விதிவிலக்குடன் நிறுத்திவிடுகிறது. 2012 முதல் ஹாஸ்கெலின் முதன்மைக் கம்பைலரான ஜிஎச்சியின் அடிப்படை லைப்ரரியில் ரீட்மேபி சார்பு இருப்பதால், தோல்வியை ஒரு மதிப்பாகவே பெற முடியும். இந்த வழியில் சென்றாலும் வெறும் ரீட் சார்பைப் பயன்படுத்தாமல் ரீட்மேபியையே பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான அறிவுரை.

சில நுண்மையான வழுக்கல்களும் உள்ளன. 8 பிட் முழு எண் வகையில் 300ஐப் படிக்கச் சொன்னால், பிழை எதுவும் எழாமல் 44 என்ற எண் கிடைக்கும். 256ஐக் கழித்த மீதி அது. டபுள் வகையில் ஒரு கோடியைக் காட்டச் சொன்னால், சரியாக அந்த இடத்திலிருந்து பத்தின் அடுக்குகளாக எழுதும் அறிவியல் குறியீட்டுக்கு ஷோ மாறிவிடும். அதைக் கட்டணச் சீட்டில் அச்சிட்டால் வாடிக்கையாளர் திகைப்பார். பணத்தை டபுளில் வைப்பதே தவறு என்பது வேறு செய்தி. கடவுச்சொல் புலம் உள்ள ரெக்கார்டுக்கு ஷோவை வருவித்துவிட்டு, பிழை ஆராய அந்த ரெக்கார்டை லாக் கோப்பில் எழுதினால், கடவுச்சொல்லும் சேர்ந்தே பதிவாகிவிடும். அத்தகைய புலத்தைத் தனி வகையாக்கி, அதற்கு உள்ளடக்கத்தைக் காட்டாத ஷோவைக் கையால் எழுதிவிட வேண்டும்.

தமிழ் எழுத்தைக் கையாள்பவர்கள் இங்கே தனிக் கவனம் செலுத்த வேண்டும். ஷோ, ஆஸ்கி எல்லைக்கு அப்பாற்பட்ட எழுத்துகள் அனைத்தையும் பதின்ம எண்களாக மாற்றிவிடுகிறது. ‘அம்மா’ என்னும் ஸ்ட்ரிங் "\2949\2990\3021\2990\3006" என்று வெளிப்படும். ரீட் இதைப் பிழையின்றி மீட்டுவிடும் என்றாலும், கோப்பைத் திறந்து பார்க்கும் மனிதருக்கு அதில் தமிழே இருக்காது. தமிழ் எழுத்தை அடுத்து இலக்கம் வந்தால், அது முந்தைய எண்ணோடு ஒட்டிவிடாமல் இருக்க இடையில் ஒரு சாய்கோடும் உம்மைக் குறியும் சேர்க்கப்படும்: ‘அ1’ என்பது "\2949\&1" ஆகும். செலவையும் பாருங்கள். ஹாஸ்கெலின் பழைய ஸ்ட்ரிங் வகை ஓர் இணைப்புப் பட்டியல். 64 பிட் கணினியில் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட் ஆகும். குறியீட்டெண் 256க்குக் கீழுள்ள எழுத்துகளை ஜிஎச்சி பகிர்ந்துகொள்வதால் ஆங்கில எழுத்துக்கு அதோடு முடிந்துவிடும். தமிழ்க் குறியீடுகளுக்கோ எழுத்துப் பெட்டிக்கு மேலும் 16 பைட் சேர்ந்து 40 பைட் வரை போகலாம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அதற்கு 3 பைட்டே போதும்.

ஆனால் இதே பண்பு ஓர் இடத்தில் பெரும் துணையாகிறது. ‘கொ’ என்பதை ஒரு விசைப்பலகை 2965, 3018 என்னும் இரண்டு குறியீடுகளாகத் தரலாம். வேறொரு மென்பொருள் 2965, 3014, 3006 என்று ஒற்றைக்கொம்பையும் காலையும் பிரித்துத் தரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் சமமா என்று ஹாஸ்கெலில் சோதித்தால் அவை வெவ்வேறு. தேடல் ஏன் தோற்கிறது என்று குழம்பி நிற்கும்போது, இரண்டு சொற்களையும் ஷோ கொண்டு அச்சிட்டுப் பார்த்தால் காரணம் உடனே கண்முன் நிற்கும். பிழை ஆராய்வதற்கென்றே பிறந்த கருவி இது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

## வழி 2: ஏசான் வழியே ஜேசன்

ஜேசனின் பலம் அதன் பொதுமை. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், தரவுத்தளங்கள், கட்டளைவரிக் கருவிகள் என எல்லாவற்றுக்கும் அது தெரியும். தமிழ் எழுத்து யூடிஎஃப்-8இல் உள்ளபடியே கோப்பில் நிற்கும். திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஏசான் லைப்ரரி 2011 முதல் ஹாஸ்கெல் உலகில் பரவலாகப் புழங்கிவருகிறது, ஷோவைப் போலவே இதற்கும் நிரலைக் கம்பைலரிடமிருந்து வருவித்துக்கொள்ள முடியும்.

ஆயுள் அளவுகோலில் ஜேசன் தெளிவாக முந்துகிறது. புலங்களின் வரிசை பொருட்டல்ல. தெரியாத புலங்களை ஏசான் இயல்பாகவே பொருட்படுத்துவதில்லை. மேபி வகைப் புலம் விடுபட்டிருந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன விலைப்பட்டியலில் தள்ளுபடியைச் சேர்த்தாலும் பழைய கோப்பு தொடர்ந்து படிக்கப்படும். பிழை நேர்ந்தால், எந்தப் புலத்தின் எத்தனையாவது உறுப்பில் நேர்ந்தது என்று பாதையுடன் சொல்கிறது. 8 பிட் எண்ணுக்கு 300 வந்தால் 44 என்று மாற்றாமல் பிழையாகவே அறிவிக்கிறது.

இதன் மறைசெலவுகள் வேறு வகையானவை. பல வடிவங்களில் ஏதேனும் ஒன்றாக இருக்கும் ஹாஸ்கெலின் மாற்று வகைகளுக்கு ஜேசனில் நேர் இணை இல்லை. எனவே எந்த வடிவம், அதாவது எந்தக் கன்ஸ்ட்ரக்டர் என்று குறிக்கும் ஒரு கூடுதல் புலத்தை ஏசான் சேர்க்கிறது. வருவித்த நிரல் அந்தக் கன்ஸ்ட்ரக்டர் பெயரையும் புலப்பெயர்களையும் அப்படியே எழுதுவதால், பெயர் மாற்றம் தரவைப் பாதிக்கும் பிணைப்பு இங்கும் ஓரளவு தொடர்கிறது. மேபிக்குள் மேபி இருந்தால் ‘இல்லை’ என்பதும் ‘இருக்கிறது, ஆனால் உள்ளே இல்லை’ என்பதும் ஒரே வெற்று மதிப்பாகிவிடும். திரும்பப் படிக்கும்போது வேறுபாடு தொலைந்துவிடும். டபுள் கணக்கில் எழும் ‘எண் அல்லாதது’ என்னும் மதிப்புக்கும் ஜேசனின் எண் வடிவத்தில் இடமில்லை. பெரிய முழு எண்களை ஏசான் துல்லியமாக எழுதினாலும், மறுமுனையில் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் 9007199254740993 என்று அனுப்பியது 9007199254740992 ஆகிவிடும். பில் எண்களையும் கணக்கு எண்களையும் ஸ்ட்ரிங்காக அனுப்புவது இதனால்தான் வழக்கமாயிற்று.

வெளியாரிடமிருந்து வரும் உள்ளீட்டைப் பற்றியும் ஒரு சொல். ஒரே ஹாஷ் மதிப்பில் மோதும் புலப்பெயர்களைத் திட்டமிட்டு அனுப்பி நிரலை முடக்க முடியும் என்பது வெளிப்பட்டபின், 2021இல் வந்த ஏசான் 2.0 புலங்களை வைத்திருக்கும் உள்ளமைப்பையே மாற்றியது. பழைய பதிப்பில் நின்றுவிட்ட நிரல்களை மேம்படுத்த இதுவே போதிய காரணம்.

## வழி 3: சொந்த அச்சுச் சார்பும் சொந்தப் பார்சரும்

எழுத்தை ஒரு மனிதர் கையால் எழுதப்போகிறார் என்றால், மற்ற வழிகள் அனைத்தும் பின்னுக்குப் போய்விடுகின்றன. அமைப்புக் கோப்பு, சிறு வினவல் மொழி, கணக்கு வாய்பாடு போன்றவற்றில் பயனரின் பழக்கத்துக்கு ஏற்ற வடிவம்தான் முதன்மை. ஜேசனின் மேற்கோள் குறிகளையும் காற்புள்ளிகளையும் எண்ணிச் சரிபார்க்கும் வேலையைப் பயனரின் தலையில் கட்டுவது அவருக்குச் செய்யும் தீங்கு.

ஃபங்ஷனல் நிரலாக்கத்தின் வலிமை முழுதாக வெளிப்படும் இடமும் இதுவே. சிறு பார்சர்களை இணைத்துப் பெரிய பார்சர்களைக் கட்டும் முறை, பார்செக் லைப்ரரியின் வழியே 2001 அளவில் ஹாஸ்கெலில் வேரூன்றியது. அதிலிருந்து 2015இல் பிரிந்து வளர்ந்த மெகாபார்செக், பிழை நேர்ந்த வரியைக் காட்டி, என்ன கிடைத்தது, எதை எதிர்பார்த்தது என்று விளக்கமாகச் சொல்கிறது. எதிர்த்திசையில், வரியின் அகலத்துக்கேற்ப உரையை மடித்து அடுக்கும் அச்சு லைப்ரரிகளுக்கு ஜான் ஹியூஸ், ஃபிலிப் வாட்லர் ஆகியோர் அமைத்த அடித்தளம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆயுளைப் பொறுத்தவரை இங்கே முழு ஆட்சியும் உங்கள் கையில். நிரலுக்குள் புலத்தின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் கோப்பின் வடிவம் அசையாது, ஏனெனில் கோப்பில் வரும் ஒவ்வொரு சொல்லையும் நீங்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மீட்சிக்கு எவரும் உத்தரவாதம் தருவதில்லை. அச்சுச் சார்பும் பார்சரும் இரண்டு தனி நிரல்கள். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடுவது மிக எளிது. எழுத்துக்குள் மேற்கோள் குறி வந்தால், வெற்று ஸ்ட்ரிங் வந்தால், எதிர்மறை எண் வந்தால் என்று ஓரங்களில்தான் அவை பிரிகின்றன. எனவே 2000ஆம் ஆண்டு முதல் இருக்கும் குயிக்செக் போன்ற கருவியால், தற்செயலாக உருவாக்கிய நூற்றுக்கணக்கான மதிப்புகளை எழுதிப் படித்து ஒப்பிடும் சோதனை இந்த வழிக்குக் கட்டாயம்.

அந்தச் சோதனையும் ஒன்றை மட்டும் பிடிக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அச்சுச் சார்பிலும் பார்சரிலும் ஒரே மாற்றத்தைச் செய்தால், எழுதிப் படிக்கும் சோதனை மகிழ்ச்சியாகத் தேறிவிடும். நேற்று எழுதிய கோப்போ படிக்கப்படாது. ஆகவே உண்மையான பழைய கோப்புகள் சிலவற்றை நிரலுடன் சேர்த்தே பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் அவற்றைப் படித்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். ஜேசன் வழிக்கும் இது பொருந்தும்.

மேலும் இரண்டு இடர்கள். பார்செக் மரபில், ஒரு கிளை சில எழுத்துகளை விழுங்கிய பின் தோற்றால் அடுத்த கிளை முயலப்படாது. பின்வாங்க வேண்டுமானால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புதியவர்களின் பார்சர்கள் சரியான உள்ளீட்டையும் மறுப்பதற்கு முதன்மைக் காரணம் இது. பின்வாங்கலை எல்லா இடத்திலும் தூவிவிட்டால் பிழைச் செய்திகள் மங்கிவிடும். இரண்டாவது, பிழை காட்டும் நெடுவரிசை எண் குறியீடுகளை எண்ணுகிறது. நம் கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் ‘அம்மா’ அதற்கு ஐந்து. தமிழ் உரையை ஏற்கும் கருவியில் பயனருக்கு நெடுவரிசை எண்ணைக் காட்டாமல், பிழைக்கு முந்தைய சொல்லைக் காட்டுவதே மேல்.

## வழி 4: இரு திசைக்கும் ஒரே விவரிப்பு

இரண்டு நிரல்கள் பிரிந்துபோவதுதான் சிக்கல் என்றால், ஒன்றையே எழுதினால் என்ன? டில்மன் ரெண்டலும் கிளாஸ் ஆஸ்டர்மனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இலக்கணத்தை ஒருமுறை விவரித்து அதிலிருந்தே பார்சரையும் அச்சுச் சார்பையும் பெறும் வழியைக் காட்டியது. டாம்லாந்து லைப்ரரி டாம்ல் வடிவ அமைப்புக் கோப்புகளுக்கு இதே எண்ணத்தைப் பயன்படுத்துகிறது; ஜேசனுக்கும் இவ்வகை லைப்ரரிகள் உள்ளன.

இதில் புலப்பெயரையும் அதன் வகையையும் ஒரே இடத்தில் எழுதுவதால், ஒரு திசையை மறந்துவிட வழியில்லை. நிரலுக்குள் உள்ள பெயரும் கோப்பில் உள்ள பெயரும் தனித்தனியே நிற்கின்றன. விலை என்னவென்றால், மாற்று வகைகளை விவரிக்கும்போது ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டருக்கும் போகும் சார்பு, வரும் சார்பு என இரண்டையும் இணைத்துத் தர வேண்டும். வகைப் பிழைகள் நீண்டும் குழப்பமாகவும் வரும். குழுவில் புதிதாகச் சேர்பவருக்குக் கற்பிக்க நேரம் பிடிக்கும். பழைய வடிவத்தையும் ஏற்க வேண்டும், புதிய வடிவத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்னும் சமச்சீரற்ற தேவை எழும்போது இந்த அழகிய சமச்சீர் கொஞ்சம் இடையூறாகவும் ஆகிறது.

## மற்ற மொழிகளின் முடிவு

எல்ம் மொழி 2018இல் வந்த 0.19 பதிப்பில், எந்த மதிப்பையும் எழுத்தாக்கும் பொதுச் சார்பைப் பிழை ஆராய்ச்சிக்கான மாட்யூலுக்குள் நகர்த்தியது. வெளியீட்டுக்கான உகப்பாக்கத்துடன் கம்பைல் செய்யும்போது அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை. குளோஜரில் மொழியின் சொந்தப் படிப்புச் சார்பு, அமைப்பைப் பொறுத்து உள்ளீட்டில் உள்ள நிரலை இயக்கக்கூடியது என்பதால், வெளியார் தரவுக்கு இடிஎன் வடிவத்தின் தனிப் படிப்புச் சார்பையே பயன்படுத்த வேண்டும். மதிப்புகளை எழுதி மீட்கும் ஓகேமலின் மார்ஷல் மாட்யூல், தவறான வகையில் மீட்டால் நிரலையே நிலைகுலையச் செய்யும். வெவ்வேறு பாதையில் வந்த இம்மூன்று மொழிகளும், நிரலாளரின் கண்ணுக்கான எழுத்தையும் வெளியுலகத் தரவையும் பிரித்தே வைக்க வேண்டியிருப்பதைக் காட்டுகின்றன.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஷோ, ரீட் | ஏசான், ஜேசன் | சொந்தப் பார்சர் | ஒரே விவரிப்பு |
|---|---|---|---|---|
| மீட்சி | வருவித்தால் நம்பகம் | சில வகைகளில் இழப்பு | சோதனையைப் பொறுத்தது | வடிவமைப்பிலேயே வலுவானது |
| வகை மாறினால் | பழைய கோப்பு முறியும் | புலம் சேர்ப்பதைத் தாங்கும் | முழுதும் நம் கையில் | நம் கையில், சமச்சீர் கட்டுப்பாட்டுடன் |
| பிற மொழி நிரல்கள் | படிக்க இயலாது | எல்லாம் படிக்கும் | தனிப் பார்சர் தேவை | வடிவத்தைப் பொறுத்தது |
| பிழைச் செய்தி | இடம் சொல்லாது | புலத்தின் பாதை | வரி, எதிர்பார்ப்பு | லைப்ரரியைப் பொறுத்தது |
| தமிழ் எழுத்து | எண்களாகும் | உள்ளபடியே | உள்ளபடியே | உள்ளபடியே |
| தொடக்க உழைப்பு | ஒரு வரி | குறைவு | மிகுதி | நடுத்தரம், கற்றலும் சேரும் |

## எந்தச் சூழலில் எது

சோதனை தோற்கும்போது எந்த மதிப்பு வந்தது என்று பார்க்கவும், ஜிஎச்சிஐ திரையில் ஆராயவும், ஒரே முறை ஓடி மறையும் சிறு நிரலின் இடைநிலைத் தரவை வைக்கவும் ஷோவைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அதை வருவித்த நிலையிலேயே விடுங்கள். பயனருக்கு அழகாகக் காட்டுவதற்காக ஷோவைக் கையால் திருத்தி எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் ரீட்டுடன் இருந்த ஒப்பந்தம் முறிவதோடு, பிழை ஆராயும் கருவியும் கையைவிட்டுப் போய்விடும். காட்சிக்கென வேறு பெயரில் தனிச் சார்பு இருக்கட்டும்.

நிரலின் அடுத்த பதிப்பும் படிக்க வேண்டிய தரவு, வலைச்சேவை, பிற மொழி நிரல்களுடன் பரிமாற்றம் ஆகியவற்றுக்கு ஜேசன். வருவித்தலோடு தொடங்கினாலும், தரவு வெளியே போகத் தொடங்கியதும் புலப்பெயர்களைக் கையால் எழுதிய நிரலுக்கு மாறிவிடுவது நல்லது. கூடுதல் உழைப்பு ஒருமுறைதான். கோப்பில் வடிவ எண் என்று ஒரு புலத்தை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

மனிதர் கையால் எழுதும் எதற்கும் மெகாபார்செக். நீங்கள் திரும்ப எழுதவே போவதில்லை, படிக்க மட்டுமே போகிறீர்கள் என்றால் இந்த வழியின் பெரிய குறை தானே மறைந்துவிடுகிறது. பல டஜன் புலங்கள், நிலையான குழு, எழுதவும் படிக்கவும் வேண்டிய அமைப்புக் கோப்பு என்று மூன்றும் அமைந்தால் நான்காவது வழி தன் கற்றல் செலவைத் திருப்பித் தரும்.

## ஏற்கெனவே ஷோ கோப்புகள் குவிந்திருந்தால்

இன்றைய தரவு வகைகளை, பெயர் எதையும் மாற்றாமல், பழையது என்று அடையாளமிட்ட ஒரு தனி மாட்யூலுக்குள் நகலெடுத்து, அங்கே ரீட்டை வருவித்துக்கொள்ளுங்கள். வருவிக்கப்பட்ட ஷோ மாட்யூலின் பெயரை எழுத்தில் சேர்ப்பதில்லை என்பதால், இந்த நகல் பழைய கோப்புகளைத் தடையின்றிப் படிக்கும். அந்த மாட்யூலை இனி எவரும் தொடக் கூடாது. பழைய வகையிலிருந்து புதிய வகைக்கு மாற்றும் சார்பு ஒன்றை எழுதுங்கள். தள்ளுபடி இல்லாத பழைய பொருளுக்கு என்ன மதிப்பு வைப்பது போன்ற முடிவுகள் அனைத்தும் அந்த ஒரே இடத்தில் அமையும்.

பிறகு கோப்பைத் திறக்கும்போது முதலில் ஜேசனாகப் படித்துப் பாருங்கள். தோற்றால் பழைய மாட்யூலின் ரீட்மேபியைக் கொண்டு முயலுங்கள். இரண்டும் தோற்றால் ஜேசன் தந்த பிழையைக் காட்டுங்கள், ஏனெனில் இடம் சொல்வது அது மட்டுமே. எழுதுவது எப்போதும் ஜேசனில் மட்டும். கோப்பைத் திறக்கும்போதும் எழுதும்போதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இதுவரை எல்லாம் ஆஸ்கி எண்களாக இருந்ததால் சர்வரின் மொழி அமைப்பு பொருட்டாக இருந்திருக்காது; புதிய கோப்பில் உண்மையான தமிழ் எழுத்து முதன்முறையாக வரும்போதுதான், குறைந்தபட்ச மொழி அமைப்பு கொண்ட சர்வரில் தவறான பைட் வரிசை என்னும் பிழையோடு நிரல் நிற்கும். பழைய கோப்புகளில் இரண்டு மூன்றை, குறிப்பாகத் தமிழ்ப் பெயரும் இலக்கமும் அடுத்தடுத்து வரும் ஒன்றை, சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். எல்லாக் கோப்புகளும் புதிய வடிவில் எழுதப்பட்டுவிட்டன என்று உறுதியான பிறகு, பழைய மாட்யூலையும் அதன் சோதனைகளையும் ஒரே மாற்றத்தில் நீக்கிவிடலாம்.